கட் சொன்ன பிறகு

படத்தொகுப்பு அறைக்குள் நடிகர்களை விடுவதில்லை என்பது கத்திரியின் விதி. விலக்குக் கேட்டவர்கள் பலர், பெற்றவர் ஒருவருமில்லை. நடிகர் தம் முகத்தைப் பார்ப்பாரே தவிரப் படத்தைப் பார்க்கமாட்டார் என்பது அவள் வெளியே சொல்லும் காரணம். வேறு காரணங்களும் உண்டு. அவற்றை அவள் எவரிடமும் சொன்னதில்லை. கத்திரி என்பது தொழிலில் அவளுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பெயர். முகத்துக்கு நேரே எல்லாரும் மேடம் என்பார்கள். நேரிலும் கத்திரி என்று கூப்பிடும் துணிச்சல் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். அவர் அவளுடைய அக்காவின் கணவர்.

அவரைத்தான் இன்று மதியம் அறைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

அத்தானும் நடிகர். அவர் முகம் எல்லாருக்கும் தெரியும். பெயர் எவருக்கும் நினைவுக்கு வராது. அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்து, முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, “எங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம்” என்று சொல்லும் மருத்துவர் அவர்தான். சண்டை ஓய்ந்து, அடிபட வேண்டியவர்கள் எல்லாரும் அடிபட்டு முடித்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் காவல் அதிகாரியும் அவர்தான். நீதிபதியாகவும் பல முறை உட்கார்ந்திருக்கிறார். மேசைக்குக் கீழே எந்தக் கால்சட்டையை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதைத் தவிர அந்த வேடத்தில் வேறு சுகம் இல்லை என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தலை நரைத்த பிறகு ஒரு வில்லன் வேடம் வந்தது.

அது விண்வெளிக் கதை. தொலைதூர நிலவொன்றின் பனிக்கட்டிக்கு அடியில் மனிதர்கள் குடியிருக்கும் நிலையம். அத்தான் அதன் தலைவர். ஒரு நாள் கிழக்குக் கூடத்தில் விரிசல் விட்டு நீர் உள்ளே வருகிறது. உள்ளே ஏழு பேர் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஓடி வந்துவிட இன்னும் நேரமிருக்கிறது என்று ஒரு கருவி சொல்கிறது. இல்லை என்று இன்னொன்று சொல்கிறது. தலைவர் இரண்டையும் பார்க்கிறார், கதவை மூடிவிடுகிறார். ஏழு பேரில் ஒருத்தியின் மகள்தான் கதாநாயகி. படத்தின் கடைசியில் அவள் அவரை நேருக்கு நேர் நிறுத்தி, “ஏன்?” என்று கேட்கிறாள்.

திரைக்கதையில் அந்தக் கேள்விக்கு விடை முன்கூட்டியே இருந்தது. கதவை மூடியவுடன் தலைவரின் கண்கள் கலங்கும். படம் பழைய காலத்துக்குப் போகும். வேறொரு நிலையத்தில், வேறொரு கதவை, எவனோ ஒருவன் இரக்கப்பட்டு ஒரு கணம் கூடுதலாகத் திறந்து வைத்திருந்ததால், அவருடைய சின்ன மகள் நீரோடு போய்விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் மகள், இப்பால் தகப்பன். அத்தான் அந்தக் காட்சியில் அழுதார். கிளிசரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அழுதார். படப்பிடிப்புத் தளத்தில் விளக்குப் பிடித்தவர்கள் வேலை முடிந்தும் கலையாமல் நின்றார்கள். இத்தனை காலம் பிறர் சாவை அறிவித்தே பிழைத்த ஒருவருக்கு, தம் வீட்டுச் சாவுக்கு அழ முதன்முறையாக வாய்ப்புக் கிடைத்திருந்தது.

அந்தக் காட்சியைத்தான் கத்திரி எடுத்துவிட்டாள்.

முதலில் அதை ஒரு சோதனையாகத்தான் செய்தாள். முன்கதை இருக்கும்வரை அவளுக்கு அந்த வில்லன்மேல் பயமோ அக்கறையோ வரவில்லை. மருத்துவச் சான்றிதழோடு விடுப்புக் கேட்க வந்தவனைப் போல அவன் இருந்தான். சான்றிதழைப் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைக் கவனிக்கலாம். எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று எடுத்தாள். அப்போது வேறொரு சிக்கல் முளைத்தது. கதவை மூடியதும் கலங்கும் கண்கள், பின்னால் ஒன்றும் இல்லாததால், வெங்காயம் நறுக்கியவனின் கண்களாகிவிட்டன. அந்த இடத்தில் வைக்க வேறொரு முகம் வேண்டியிருந்தது.

படப்பிடிப்பில் மிஞ்சியவற்றை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். பேச்சு கேட்டால் கண் சோம்பிவிடும் என்பாள். அப்படிப் பார்த்தபோது அது கிடைத்தது. ஒரு டேக்கில், பின்புறம் ஏதோ ஒரு விளக்கு அணைந்துபோனதால் இயக்குநர் பாதியிலேயே ‘கட்’ சொல்லியிருந்தார். கேமராக்காரர் நிறுத்த மறந்திருந்தார். அத்தானுக்குக் கண்ணீர் இன்னும் வந்திருக்கவில்லை. கை கதவின் கைப்பிடியிலேயே இருந்தது. சாம்பல்நிறச் சாயம் பூசிய ஒட்டுப்பலகைக் கதவு அது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். நிம்மதி என்று சொன்னாலும் மறுக்க முடியாது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, திரும்பிப் போய்விட்டார்.

அந்தத் துண்டை அவள் கதவு மூடும் காட்சிக்குப் பின்னால் ஒட்டினாள். படம் எழுந்து உட்கார்ந்தது.

இயக்குநர் இரண்டு வடிவங்களையும் இரண்டு கூட்டத்துக்குப் போட்டுக்காட்டினார். முன்கதை இருந்த வடிவத்தைப் பார்த்தவர்கள், “பாவம்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று பேசியபடி போய்விட்டார்கள். இல்லாத வடிவத்தைப் பார்த்தவர்கள் நடையிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு கணவனும் மனைவியும், லிஃப்ட் வந்து காத்திருந்து திரும்பிப் போனதைக்கூடக் கவனிக்காமல், அவன் கதவை மூடியது சரியா தப்பா என்று சண்டை போட்டார்கள்.

நேற்று இயக்குநர் அவள் அறைக்கு வந்து, உட்காராமல் பேசினார். அவர் இளைஞர், பேசும்போது கைகள் வாயை முந்திக்கொள்ளும்.

“மேடம், ரெண்டாவதுதான் படம். சந்தேகமே இல்லை.”

“அப்ப என்ன தயக்கம்?”

“வில்லன்னா மாட்டேன்னு சொன்னாரு. அந்த ஃபிளாஷ்பேக்கைச் சொன்ன பிறகுதான் தலையாட்டினாரு. அதை யாரும் தொடமாட்டாங்கன்னு கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்.”

“இப்ப?”

“அவரே விட்டுக்கொடுத்தா எனக்குப் பிரச்சனை இல்லை. விட்டுக்கொடுக்கலைன்னா சீன் இருக்கும். என் வாயால எடுன்னு சொல்லமாட்டேன்.” கைகள் இரண்டும் அவளை நோக்கி நீண்டன. “உங்க அத்தான்தானே மேடம். நீங்களே பேசிடுங்களேன்.”

“சத்தியம் பண்ணினது நீங்க. பேசறது நானா?”

“உங்கமேல கோபப்பட்டா வீட்டுக்குள்ளேயே தீர்ந்துடும். என்மேல கோபப்பட்டா தொழில் முழுக்கப் பரவிடும்.”

கோழைத்தனத்தை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்பவரை அவள் அதுவரை பார்த்ததில்லை. மறுக்கவும் அவளால் முடியவில்லை. அத்தான் இணங்காவிட்டால் படம் மறுபடியும் படுத்துவிடும். இணங்கினால் அவருடைய ஒரே காட்சி குப்பைக்குப் போகும். இரண்டில் ஒன்று இன்று முடிவாக வேண்டும்.

அவளுக்கு இந்தத் தொழிலில் முதல் வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அத்தான்தான். வீட்டு விசேஷங்களில் நாலு பேர் கூடினால் போதும், “இவளை நான்தான் சேர்த்துவிட்டேன்” என்று தொடங்கிவிடுவார். அந்தக் குரலில் பெருமை மட்டுமே இருக்கும். குத்தல் ஒரு நாளும் இருந்ததில்லை. குத்தல் இருந்திருந்தால் திருப்பிச் சொல்லவாவது வழி இருந்திருக்கும்.

அத்தான் வந்தவர் வாசலில் நின்று அறையை மேலும் கீழும் பார்த்தார்.

“இத்தனை வருஷமா இந்தக் கதவுக்குப் பின்னாடி என்னத்தைப் பூட்டி வெச்சிருக்கேன்னு நினைச்சேன். ரெண்டு டிவி, ஒரு கிழிஞ்ச சோபா. இதுக்கா இவ்வளவு கெடுபிடி?”

“உள்ளே வாங்க அத்தான். சோபாவுல ஓரமா உட்காராதீங்க, கம்பி குத்தும்.”

“வேணும்னே வெச்சிருக்கியா, யாரும் ரொம்ப நேரம் உட்காரக் கூடாதுன்னு?”

“ஆமா.”

அவர் சிரித்துக்கொண்டே நடுவில் உட்கார்ந்தார். அக்கா கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்கை மேசைமேல் வைத்தார். “உன் அக்கா சிநேகிதிங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. கைக்குட்டை கொண்டு வராதவங்க தியேட்டருக்கே வரக் கூடாதாம்.”

கத்திரி விளக்கை அணைத்தாள். முகவுரையாகச் சொல்ல அவள் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் நல்ல வாக்கியங்கள்தாம். ஆனால் ஃபிளாஸ்கைப் பார்த்த பிறகு அவற்றைச் சொல்லக் கூச்சமாயிருந்தது. விரிசலிலிருந்து படத்தை ஓடவிட்டாள்.

நீர் வந்தது. கருவிகள் முரண்பட்டன. கதவு மூடிற்று. அந்த முகம் வந்தது, நின்றது, போயிற்று. அடுத்த காட்சியில் கதாநாயகி ஈரத் தரையில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கத்திரி நிறுத்தினாள்.

“நடுவுல ஒண்ணு காணோமே,” என்றார் அத்தான்.

“எடுத்திருக்கேன்.”

“ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்.”

“கோளாறு இல்லை. எடுத்துட்டேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்ப, இந்த முகம் எங்கேருந்து வந்துச்சு? இதை நான் நடிக்கவே இல்லையே.”

“‘கட்’ சொன்ன பிறகு ஓடியிருக்கு.”

“அடிப்பாவி. நடிச்சதைத் தூக்கிட்டு நடிக்காததை ஒட்டியிருக்கே.” குரல் உயரவில்லை. காவல் அதிகாரியின் குரலோ நீதிபதியின் குரலோ அதில் இல்லை. “ஒரு மாசம் அரை வயித்தோட இருந்தேன் அந்தச் சீனுக்காக. தெரியுமில்ல?”

“தெரியும். அக்கா தினமும் போன்ல சொன்னா.”

“சொல்லத்தான் செய்வா. எனக்காகச் சமைக்காம அவளும் பாதி இளைச்சா. இவ்வளவும் எதுக்கு? மதியம் சாப்பாடு வந்துச்சான்னு திரும்பிப் பார்க்கிற மூஞ்சிக்கா?”

“சாப்பாட்டையா பார்த்தீங்க?”

“வேற என்ன? பசி. அவ்வளவுதான்.”

அவள் தன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “அத்தான், கடைசியில அந்தப் பொண்ணு உங்களை ‘ஏன்?’னு கேட்கிறா. முன்னாடியே நாம ஃபிளாஷ்பேக் காட்டிட்டா, தியேட்டரே எழுந்து, ‘ஏம்மா, எங்களைக் கேளு, நாங்க சொல்றோம்’னு கத்தும். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சா அவ முட்டாளாயிடறா. அவளுக்கு முன்னாடி நாம மன்னிச்சிட்டா, அவ அம்மா செத்தது வெறும் கணக்காயிடுது.”

“அப்ப நான் யாரு? நல்லவனா, கெட்டவனா?”

“அது உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

“எனக்குத் தெரிஞ்சதைத்தானே எடுத்துட்டே!”

“பையில டாக்டர் சர்டிஃபிகேட்டோட அலையற வில்லனைக் கண்டு எவனும் பயப்படமாட்டான் அத்தான்.”

“டாக்டர் வேஷம்தானே எனக்கு விதிச்சது. சர்டிஃபிகேட் இல்லாம எப்படி?” சிரிக்க வைக்கும் வாக்கியம்தான், இருவரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்தார். “டைரக்டர் என் கையைப் பிடிச்சுச் சொல்லியிருக்கார். நான் மாட்டேன். சீன் இருக்கட்டும்.”

“சரி.”

“சரியா?”

“நீங்க மாட்டேன்னா இருக்கும். அதுதான் பேச்சு.”

எதிர்பார்த்த இடத்தில் சுவர் இல்லாததால் தடுமாறியவரைப் போல அவர் நின்றார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார், இம்முறை ஓரத்தில். கம்பி குத்தியிருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை.

“அதைப் போடு. முழுசா. சத்தத்தோட.”

அவள் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் சிறுமி உள்ளங்கையை வைத்தாள். இப்பால் இளமை வேடத்தில் அத்தான். கதவைத் திறந்து வைத்திருந்தவனை அவர் திட்டவில்லை. அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து, பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், காலரை நேராக்கிவிட்டார். அதன் பிறகுதான் அழுகை வந்தது. அந்தக் காலர் திரைக்கதையில் இல்லை. அவருடைய சொந்தச் சரக்கு. கத்திரி இதைப் பல முறை பார்த்தவள். இருந்தும் இந்த முறையும் கடைசிவரை பார்த்தாள்.

காட்சி முடிந்ததும் அவள் சொன்னாள்: “நான் வெட்டினதிலேயே இதுதான் நல்ல நடிப்பு. சமாதானத்துக்குச் சொல்லலை.”

“நல்லாத்தான் பண்ணியிருக்கேன்,” என்றார் அவர், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. திரையைக் காட்டி, “இவன் அழறான். நானும் அழுதுடுவேன் போலிருக்கு. அழுதா மன்னிச்சு விட்டுடுவேன் அவனை,” என்றார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு கேட்கிறேன். மறைக்காமச் சொல்லு. இதை எடுத்தது படத்துக்காகவா, எனக்காகவா?”

“புரியலை.”

“நல்லாப் புரியும். ஒவ்வொரு விசேஷத்துலயும் ‘நான்தான் இவளைச் சேர்த்துவிட்டேன்’னு சொல்றேனில்ல? சொல்றப்போல்லாம் நீ தட்டைப் பார்ப்பே. நான் கவனிச்சிருக்கேன்.”

படத்துக்காக என்ற விடை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அது உண்மையான விடை, பிழையில்லாதது. அது முழுமையானதா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். முன்கதையை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்த கணத்தில் உள்ளே ஓர் இன்பம் உண்டாயிற்று. நல்ல வெட்டு தரும் இன்பம் அவளுக்குப் பழக்கமானது. அதன் எடையும் அளவும் அவளுக்குத் தெரியும். அன்று வந்தது அதைவிடச் சற்றுக் கனமாக இருந்ததா? இருந்தது என்று சாட்சி சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

“படத்துக்காகத்தான். அதுல சந்தேகம் இல்லை,” என்றாள். “வேற எதுவுமே இல்லையான்னு கேட்டா, தெரியலை அத்தான். நிஜமாவே தெரியலை.”

அத்தான் அவளை உற்றுப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபத்துக்கு இடம் விட்டு நாற்காலியில் நிமிர்ந்தும் உட்கார்ந்தாள்.

“இல்லவே இல்லைன்னு சொல்லியிருந்தா இப்பவே இறங்கிப் போயிருப்பேன்,” என்றார். ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி, முதலில் அவளிடம் நீட்டினார். “குடி. ஆறிடும்.”

குடித்தாள். அக்காவின் தேநீரில் எப்போதும்போலச் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல்.

“சரி, எடுத்துடு,” என்றார் அத்தான்.

“அத்தான்?”

“எடுத்துடுன்னேன். டைரக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பாவம், கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நிப்பார்.”

“ஏன் திடீர்னு?”

“காரணம் சொன்னா கெட்டுப்போயிடும்னு இவ்வளவு நேரம் பாடம் எடுத்தது யாரு?” அவர் எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். “இந்தச் சோபாவை முதல்ல எடு. அதை எடுத்தா யாரும் கேள்வி கேட்கமாட்டாங்க.”

வாசல்வரை போனவரை அவள் நிறுத்தினாள். “அந்த முகம் பசி இல்லை அத்தான். ஒரு வாரமா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப என்னன்னு நீயே சொல்லு.”

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கதவு பாதி திறந்தே கிடந்தது.

நடையில் அவர் நின்று தொலைபேசியை எடுப்பது கேட்டது. அழைத்தது அக்காவைத்தான், அவர் குரலை இறக்கிப் பேசத் தொடங்கியதிலேயே தெரிந்தது.

“கிளம்பிட்டேன்… ம், பார்த்தேன்… இல்லைம்மா, அந்தச் சீன் இல்லை… யாரும் எடுக்கலை. நான்தான் வேண்டாம்னுட்டேன்… ஆமா, நானேதான். படத்துக்குப் பொருந்தலை… அவளா? அவளை ஏன் இழுக்கிறே? அவ வைங்கன்னுதான் கெஞ்சினா. நான்தான் பிடிவாதமா எடுக்கச் சொல்லிட்டேன்.”

கத்திரி எழுந்து போய்க் கதவின் கைப்பிடிமேல் கையை வைத்தாள். இரண்டு எட்டு நடந்தால் நடை. ஒரு வாக்கியம் சொன்னால் உண்மை. அவர் அவளைக் காப்பாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். வெட்டப்பட்ட நடிகராக வீடு திரும்புவதைவிட வெட்டச் சொன்ன நடிகராகத் திரும்புவது அவருக்கு உகந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தின. எதைத் தேர்ந்தாலும் மற்றது அழியவில்லை. படியிறங்கும் காலடிகள் கேட்டு ஓய்ந்தன. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முன்கதையை ஒதுக்கி வைத்த வடிவத்துக்கு ‘இறுதி’ என்று பெயரிட்டு இயக்குநருக்கு அனுப்பினாள்.

அனுப்பி முடிப்பதற்குள் அவள் தொலைபேசி அடித்தது. அக்கா.

“ஏண்டி, உன் அத்தானுக்குக் கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா? ஒரு மாசம் பட்டினி கிடந்து அழுத சீனை வேண்டாம்னு சொல்லிட்டு வர்றாராம்! கேட்டா, பொருந்தலையாம். என்னடி பொருந்தலை? என் சிநேகிதிங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“அக்கா…”

“நீ அங்கேதானே இருந்தே? நாலு வார்த்தை நல்லதா எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? நீ சொன்னா கேட்பாரே மனுஷன்.”

திரையில் கதாநாயகி ஈரத் தரையில் ஓடி வருவதற்கு முந்திய அந்த முகம் நின்றிருந்தது. கத்திரி அதை அணைத்தாள். பேசுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் ஒரு முறை எடைபோடுவது அவள் பழக்கம். இப்போதும் எடைபோட்டாள்.

“சொல்லிப் பார்த்தேன்க்கா. கேட்கவே மாட்டேன்னுட்டார்.”

மறுமுனையில் அக்கா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

“அவர் எப்பவுமே அப்படித்தான்,” என்றாள்.